உயில் முதல் பட்டா மாற்றம் வரை: குடும்பச் சொத்து கைமாறும் வழி, முழுமையான வழிகாட்டி

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் வீடு மனைவிக்குப் போகும், அவருக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சம பங்காகப் பிரியும். அந்தப் பட்டியலில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு அம்மாவும் இருக்கிறார். அப்பா இல்லை.

இது நடைமுறையில் எங்கே கொண்டு போய் விடும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாம்பரத்தில் சொந்த வீடு வைத்திருக்கும் ஒருவர் 45 வயதில் உயில் இல்லாமல் இறந்துவிடுகிறார். மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், ஊரில் தம்பியோடு இருக்கும் அம்மா. வீடு நான்கு பங்காகிறது. இரண்டு வருடம் கழித்து அம்மாவும் காலமாகிறார், அவரும் உயில் எழுதவில்லை. அவருடைய கால் பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அதாவது இறந்தவரின் தம்பிக்கு ஒரு பகுதி, தங்கைக்கு ஒரு பகுதி, இறந்த மகனின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒரு பகுதி. கணவர் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் இப்போது கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும் சேர்த்து ஆறில் ஒரு பங்கு. பிள்ளைகள் மைனர் என்பதால் அவர்கள் பங்கை விற்கவோ அடமானம் வைக்கவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். பிள்ளைகளின் அம்மாவே பாதுகாவலர் என்றாலும் இதே கதைதான். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு உயில் இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது.

கீழே உள்ளது இந்தியச் சட்டப்படி, தமிழ்நாட்டு நடைமுறைப்படி. முதல் பாதி உயிரோடு இருக்கும்போது செய்ய வேண்டியது, மறு பாதி ஒருவர் போன பிறகு குடும்பம் செய்ய வேண்டியது. இரண்டிலும் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: நாமினி, வாரிசுச் சான்றிதழ், பட்டா, உயில், புரொபேட் (உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று) எல்லாம் தனித்தனிக் காகிதங்கள், ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. நான் பார்த்தவரை பாதிச் சண்டை இந்தக் குழப்பத்தில்தான் தொடங்குகிறது.

படி 1: என்ன இருக்கிறது, அதில் எது உங்களுடையது

ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதுங்கள். வீடு, மனை, நிலம், வங்கிக் கணக்கு, வைப்புத்தொகை, தபால் அலுவலகச் சேமிப்பு, பிஎஃப், இன்சூரன்ஸ், டீமேட், மியூச்சுவல் ஃபண்ட், நகை, லாக்கர். கடன்களையும் எழுதுங்கள், கொடுத்த கைமாற்றையும் எழுதுங்கள்.

வீடு, நிலத்துக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை. பத்திரம், மூலப் பத்திரங்கள், பட்டா, வில்லங்கச் சான்று நான்கையும் பக்கத்தில் வைத்துப் பெயர், சர்வே எண், அளவு மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பத்திரம் உங்கள் பெயரில் இருக்கும், பட்டா இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். இது சர்வ சாதாரணம். நீங்கள் இருக்கும்போது ஒரு மனுவில் முடிகிற வேலை, நீங்கள் போன பிறகு பல மடங்கு இழுக்கும். இன்றே பட்டா மாற்றத்துக்கு எழுதிப் போடுங்கள்.

அடுத்த கேள்வி, எந்தச் சொத்து உங்கள் இஷ்டத்துக்கு எழுதி வைக்கக்கூடியது. சுயசம்பாத்தியம் என்றால் முழுவதும். பூர்வீகம் என்றால் உங்கள் பங்கு மட்டும். பூர்வீகத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பிறப்பிலேயே உரிமை உண்டு. தமிழ்நாடு 1989இலேயே, அப்போது திருமணமாகாதிருந்த பெண்களுக்கு அதைக் கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டத்திருத்தம் எல்லா மகள்களுக்கும் விரித்தது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது. அதனால் ‘பொண்ணுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே’ என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது.

படி 2: நாமினி போடுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்

நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர். வாங்கிய பணம் சட்டப்படி யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களுக்காக அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். பங்குகளுக்கும் இதே விதிதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருமணத்துக்கு முன் அண்ணனை நாமினியாகப் போட்டுவிட்டு மறந்துபோனவர்கள் ஏராளம். இன்று மாலையே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

ஆயுள் காப்பீட்டில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் அவர்களுக்கே சொந்தமாகச் சேரும். தொழில் செய்பவர்களுக்குக் கடன் தொல்லை இருக்கலாம். அவர்கள் 1874ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால் அந்தத் தொகை மனைவி, பிள்ளைகளுக்கென்றே தனியாக நிற்கும்; கடன்காரர் பொதுவாகக் கைவைக்க முடியாது. பாலிசி எடுக்கும்போதே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும்.

வங்கிகளில் 2025 நவம்பர் 1 முதல் நான்கு நாமினி வரை போடலாம். வைப்புத்தொகையில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பிரிக்கலாம். லாக்கருக்கு அப்படிப் பிரிக்க முடியாது; ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்ற வரிசைதான்.

படி 3: உயில் எழுதுவது

முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம், கையால் எழுதலாம், தட்டச்சும் செய்யலாம். பதிவு கட்டாயமில்லை. இவ்வளவு எளிது என்பதால்தான் ஓட்டையோடு எழுதுகிறார்கள்.

உயிலில் இருக்க வேண்டியவை: உங்கள் பெயர், வயது, முகவரி; சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறீர்கள் என்பது; முன்பு எழுதிய உயில்கள் எல்லாம் ரத்து என்பது; குடும்பத்தில் யார் யார்; எந்தச் சொத்து யாருக்கு; எக்ஸிகியூட்டர் (உங்களுக்குப் பிறகு உயிலை நிறைவேற்றுபவர்) யார்; தேதி. சொத்து விவரத்தில் ‘தாம்பரத்தில் உள்ள வீடு’ என்று எழுதினால் போதாது. பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம், சர்வே எண், நான்கு எல்லை, அளவு என்று கிரயப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

பலர் விட்டுவிடும் இரண்டு ஷரத்துகளைக் கிட்டத்தட்ட இப்படியே எழுதிக்கொள்ளலாம்:

‘மேற்படி சொத்தை அடையவேண்டிய என் மனைவி எனக்கு முன்பே காலமாகியிருந்தால், அந்தச் சொத்தை என் மகனும் மகளும் சம பங்காக அடைய வேண்டியது.’

‘இந்த உயிலில் குறிப்பிடாமல் விடுபட்டதும், இனிமேல் என் பெயரில் சேரக்கூடியதுமான மற்ற எல்லா அசையும், அசையாச் சொத்துகளையும் என் மனைவி அடைய வேண்டியது.’

இரண்டாவது ஷரத்து இல்லாவிட்டால், உயில் எழுதிய பிறகு வாங்கிய மனை மட்டும் தனியாக உயில் இல்லாத சொத்து ஆகி, மேலே சொன்ன நான்கு பங்குக் கணக்குக்குப் போய்விடும்.

நம் ஊரில் விரும்பி எழுதும் ஒரு வாசகம் உண்டு: ‘மனைவி ஆயுள் வரை அனுபவித்துவர வேண்டியது, அவருக்குப் பிறகு பிள்ளைகள் அடைய வேண்டியது.’ பாசமாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைவி வைத்தியச் செலவுக்கு அந்த வீட்டை விற்கலாமா, கூடாதா? அதை எழுதாமல் விட்டதால் வந்த வழக்குகளுக்கு அளவே இல்லை. விற்கலாம் என்றால் விற்கலாம் என்றே எழுதுங்கள். என்னைக் கேட்டால் மனைவிக்கு முழு உரிமை கொடுப்பதே மேல். அவர் பிறகு தன் உயிலைத் தானே எழுதிக்கொள்ளட்டும்.

கையெழுத்து விஷயத்தில்தான் உயில் நிற்பதும் விழுவதும். குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது ‘இது என் கையெழுத்து’ என்று நீங்களே அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். ‘அண்ணே, அவரு கையெழுத்துப் போட்டுட்டாரு, நீங்களும் போட்டுடுங்க’ என்று யாரோ கடைக்குக் கொண்டுபோய் வாங்கிய சாட்சிக் கையெழுத்து, குறுக்கு விசாரணையில் இரண்டு நிமிடம் தாங்காது.

சாட்சிகள் உங்களைவிட வயதில் சின்னவர்களாக, எளிதில் தேடிப் பிடிக்கக்கூடியவர்களாக இருக்கட்டும். உயில் தகராறானால் உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இதே நிலைதான். பயன்பெறுபவரும் அவருடைய கணவன் அல்லது மனைவியும் சாட்சி போட வேண்டாம். கிறிஸ்தவர்களுக்கு அப்படிப் போட்டால் அவருக்கு எழுதிய சொத்தே செல்லாமல் போகும்; இந்துக்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்றாலும் சந்தேகத்துக்கு இடம் கொடுப்பானேன்.

சந்தேகம் என்பது இங்கே பெரிய விஷயம். 1959இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை: சந்தேகத்துக்குரிய சூழ்நிலை ஏதாவது இருந்தால் அதைப் போக்குவது உயிலைக் கொண்டுவருபவரின் பொறுப்பு. பெரும் பங்கு வாங்கும் மகனே உயிலை எழுத ஏற்பாடு செய்து, ஆள் கூட்டி வந்து, பதிவுக்கும் அழைத்துப் போயிருந்தால் அது ஒரு சந்தேகம். ஒரு மகளைக் காரணமே சொல்லாமல் ஒதுக்கியிருந்தால் அது இன்னொன்று. யாருக்காவது குறைவாகக் கொடுத்தால் ஏன் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வசவு வேண்டாம், காரணம் போதும். வயதானவர் என்றால் அதே நாளில் மருத்துவரிடம் மனநிலைச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். ஐசியுவில் பெருவிரல் ரேகை எடுக்கும் நிலைக்குக் காத்திருக்க வேண்டாம்.

பதிவு செய்யலாமா? செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். கட்டாயமில்லை, ஆனால் காகிதம் தொலையாது, தேதியைப் பற்றிய வாதம் எழாது. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம், கால வரம்பும் இல்லை. உயில் வில்லங்கச் சான்றில் வராது. தனிப் புத்தகத்தில் பதிவாகும். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை நகல் உங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். கிறிஸ்தவர்கள் திருமணத்துக்கு முன் எழுதிய உயில், திருமணம் ஆனவுடன் ரத்தாகிவிடும். மறுமணத்துக்கும் இது பொருந்தும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு கணக்கே வேறு. ஈமச்செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் கொடுக்க மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். சுன்னி முறைப்படி, ஏற்கெனவே வாரிசாக உள்ள ஒருவருக்கு எழுதவும் அந்தச் சம்மதம் வேண்டும். ஷரீஅத் பங்குகளைத் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகே பேனாவை எடுங்கள்.

படி 4: உயிலா, செட்டில்மெண்டா?

‘இப்பவே எழுதிக் குடுத்துடுங்கப்பா, அப்புறம் அலைச்சல் இல்ல’ என்று பிள்ளைகள் சொல்வார்கள். அலைச்சல் இல்லை என்பது உண்மைதான். தான செட்டில்மெண்ட், அதாவது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம், பதிவானதும் சொத்து கைமாறிவிடும், புரொபேட் பேச்சே எழாது. தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் செலவும் குறைவு: 2023 ஜூலை உயர்வுக்குப் பிறகு முத்திரைத்தீர்வைக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்ற உச்சவரம்பு இருக்கிறது.

ஆனால் கொடுத்ததைத் திரும்பத் தன்னிச்சையாக ரத்து செய்ய முடியாது. உயிலைக் கிழித்துப் போடலாம், செட்டில்மெண்டைக் கிழிக்க முடியாது. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பத்திரத்திலேயே இரண்டு ஷரத்து சேருங்கள்: ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை, உங்களைப் பராமரிக்க வேண்டிய கடமை. 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவின் கீழ், பராமரிப்பு நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காதபோது செல்லாது என்று அறிவிக்கக் கேட்கலாம். நிபந்தனை எழுத்தில் இருந்தால் அந்த மனு வலுவாக நிற்கும். தங்கியிருக்கும் ஒரே வீட்டை எழுதிக்கொடுக்காதீர்கள் என்பது என் பிடிவாதமான கருத்து.

படி 5: ஒருவர் போன பிறகு, முதல் சில வாரங்கள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்தால் அவர்களே அனுப்புவார்கள். வீட்டில் நடந்தால் நீங்கள்தான் போக வேண்டும். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதார், பத்திரம் இரண்டோடும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். இதில் ஓர் எழுத்துப் பிழை பின்னால் பத்து அலுவலகங்களில் நிற்கவைக்கும்.

ஏடிஎம் கார்டை எடுத்துக் காரியச் செலவுக்குப் பணம் எடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. வேண்டாம். இறந்த பிறகு எடுத்த ஒவ்வொரு ரூபாயும், நாளைக்கு வாரிசுகளுக்குள் மனக்கசப்பு வந்தால் திருட்டாகப் பேசப்படும்.

அப்புறம் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்திலோ இணையத்திலோ விண்ணப்பித்தால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) விசாரணைக்குப் பிறகு தாசில்தார் கொடுப்பார். எல்லா வாரிசுகளின் பெயரும் இருக்க வேண்டும். கல்யாணமாகிப் போன அக்காவை விட்டுவிட்டு வாங்கினால் ரத்தாகும். மறைத்ததற்கு வழக்கும் வரலாம். இந்தச் சான்றிதழ் யார் வாரிசு என்று மட்டும் சொல்கிறது. யாருக்கு எவ்வளவு, சொத்து யாருடையது என்பதெல்லாம் இதன் வேலை இல்லை.

படி 6: உயில் இருந்தால், புரொபேட் வேண்டுமா?

நூறு வருடமாக இதற்கு விடை ஊரைப் பொறுத்திருந்தது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவுப்படி, சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் அதிகார எல்லைக்குள் (உயர் நீதிமன்றமே நேரடியாக வழக்கை எடுக்கும் நகரப் பகுதி) எழுதிய இந்து உயிலுக்கும், அந்த எல்லைக்குள் உள்ள வீடு, மனையைப் பற்றிய உயிலுக்கும் புரொபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை நாட்ட முடியாதிருந்தது. மதுரையில் எழுதிய மதுரை வீட்டு உயிலுக்கு அது தேவைப்படவில்லை. மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் சென்னையைப் போலவே கட்டாயமாக இருந்தது. ஆங்கிலேயர் காலத்து மாகாண நகர வேறுபாடு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது.

கட்டாயம் போய்விட்டது, புரொபேட் போகவில்லை. வாரிசுகள் எல்லாரும் ஒத்துப்போனால் உயில், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையில்லாக் கடிதம் ஆகியவற்றோடு பட்டா மாற்றத்துக்குப் போகலாம். ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றாலும், சொத்து பெரியதாக இருந்து விற்கும் எண்ணம் இருந்தாலும், வாங்குபவரின் வங்கி கேட்டாலும் புரொபேட் வாங்கிவிடுவது நல்லது. உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் உலகத்துக்கே சொல்வது அது. ஆனால் அந்தச் சொத்து உண்மையில் இறந்தவருடையதுதானா என்பதைப் புரொபேட் நீதிமன்றம் தீர்மானிக்காது.

எக்ஸிகியூட்டர் மனு போட வேண்டும். சென்னையில் உயர் நீதிமன்றம், மற்ற ஊர்களில் மாவட்ட நீதிமன்றம். அசல் உயில், இறப்புச் சான்று, சொத்துப் பட்டியல் மதிப்போடு, ஒரு சாட்சியின் உறுதிமொழிப் பத்திரம். மற்ற வாரிசுகளிடம் சம்மதப் பத்திரம் முன்கூட்டியே வாங்கி வைத்தால் வேகம் கூடும். நீதிமன்றம் நோட்டீஸ் அனுப்பும், பத்திரிகையில் அறிவிப்பு வரும். யாரும் எதிர்க்காவிட்டாலும் மாதக்கணக்காகும். யாராவது கேவியட் (தன்னைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்ற மனு) போட்டு எதிர்த்தால் மனு வழக்காக மாறிவிடும், அப்புறம் ஆண்டுக்கணக்கு. உயிலில் எக்ஸிகியூட்டர் பெயர் இல்லாவிட்டால், உயிலை இணைத்து நிர்வாக அதிகாரப் பத்திரம் கேட்க வேண்டும். மூன்று ஆண்டுக் கால வரம்பை வைத்து எதிர்த்தரப்பு வாதாடும், அதனால் திவசங்கள் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

படி 7: உயில் இல்லாவிட்டால்

எல்லா வாரிசுகளும் கூட்டுச் சொந்தக்காரர்கள். கூட்டுப் பட்டா வாங்கி அப்படியே விட்டுவிடுபவர்கள் அதிகம். அடுத்த தலைமுறையில் பங்குதாரர் எண்ணிக்கை பதினைந்தாகும், அதில் இரண்டு பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். இந்தத் தலைமுறை இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரம் போடுங்கள். ஒருவருக்கே வீடு என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கலாம். குடும்பத்துக்குள் இவை இரண்டுக்கும் செட்டில்மெண்டுக்குச் சொன்ன அதே உச்சவரம்புதான். பதிவு செய்யாமல், மாமா முன்னிலையில் நோட்டுத்தாளில் எழுதிய பங்கை நம்பி வீடு கட்டாதீர்கள். பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு, குடிநீர் எல்லாம் பத்திரத்துக்குப் பிறகு.

படி 8: வங்கி, வரி, மீதி

நாமினி இருந்தால் இறப்புச் சான்றும் அடையாள அட்டையும் விண்ணப்பமும் போதும். இல்லாவிட்டாலும், உயிலோ தகராறோ இல்லாதபட்சத்தில், சாதாரண வங்கிகளில் 15 லட்சம், கூட்டுறவு வங்கிகளில் 5 லட்சம் ரூபாய் வரை நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லாமல் எளிய ஆவணங்களோடு கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2025இல் வகுத்த விதி. எல்லா ஆவணமும் கொடுத்த 15 நாளில் முடிக்க வேண்டும். கிளையில் ‘சக்சஷன் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க’ என்று வாயால் சொன்னால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரிய தொகை, பங்குகள், வாரிசுகளுக்குள் தகராறு என்றால் அந்தச் சான்றிதழ் வேண்டி வரலாம்; அதை உரிமையியல் நீதிமன்றம்தான் கொடுக்கும், தாசில்தார் இல்லை.

எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்றே தெரியவில்லையா? பத்து வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புகளை ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயரையும் பான் எண்ணையும் வைத்துத் தேடலாம்.

இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இல்லை. எஸ்டேட் டியூட்டி 1985இலேயே போய்விட்டது. ஆனால் இறந்த நாள் வரையிலான வருமானத்துக்கு இறந்தவர் பெயரில் ரிட்டர்ன் போட வேண்டியிருக்கலாம். அதற்கு வாரிசு ஒருவர் வருமான வரித் தளத்தில் சட்ட வாரிசாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொத்தைப் பின்னால் விற்கும்போது லாப வரிக் கணக்கில், இறந்தவர் வாங்கிய விலையும் அவர் வைத்திருந்த காலமும் உங்களுக்கும் சேரும். அதனால் பட்டா உங்கள் பெயருக்கு மாறிய பிறகும் அவருடைய பழைய கிரயப் பத்திரத்தையும் வீடு கட்டிய பில்களையும் தூக்கிப் போடாதீர்கள்.